வயல் வைத்திருக்கக் கூடாத குலம்

14.06.2003, சனி. வவுனியா

ஒருவழியாக என் கற்பனை நாட்டை எழுதி முடித்தேன். ரொறன்ரோ மச்சாள் விட்டுப்போன விளையாட்டுப் புத்தகத்தில் எல்லாம் பனிமலையும் கற்கோட்டையும்தான். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, இருபது பக்கத் தாயக்கட்டையை உருட்டி என்ன நடக்கிறதென்று பார்க்கும் விளையாட்டு. பனியைக் கண்ணால் கண்டிராத நாங்கள் ஏன் பனிக்குள் அலைய வேண்டும்? காடு, குளங்கள், வன்னியர் காலத்துச் சிற்றரசுகள் எல்லாம் போட்டு நானே ஒன்றை எழுதிவிட்டேன். குளத்துக்குள் பேசும் முதலையும் உண்டு. குலங்கள் நான்கு, ஒவ்வொன்றும் ஊரில் பார்த்த ஆட்களிலிருந்து எடுத்தது. இரண்டு மாத உழைப்பு. பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் மறைப்பான்.

நாளை ஆட்டம். நான், அறைத்தோழி றிஸ்பா, எங்கள் கம்பஸ் வகுப்புக் கிருசாந்தன்.

15.06

பத்து நிமிடம்கூட விளையாடவில்லை.

றிஸ்பா மரக்கலக் குலத்தை எடுத்தாள். அவளுக்காகவே எழுதிய குலம். முல்லைத்தீவுக் கடைத்தெரு முஸ்லிம் முதலாளிமாரை நினைத்து எழுதினேன். நல்ல பேச்சு, எல்லா ஊருக்கும் வழி தெரியும், பேரத்தில் இரண்டு புள்ளி கூட. அவளோ கமக்காரியாக வரப்போகிறேன் என்றாள்.

"இந்தக் குலம் வயல் வைச்சிருக்கேலாது," என்று விதியைக் காட்டினேன்.

"ஏன்?"

"வந்து போற ஆக்கள்தானே."

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

"முல்லைத்தீவில, நீராவிப்பிட்டிப் பக்கம் வாப்பாக்கு எட்டு ஏக்கர் வயல் இருந்தது. தொண்ணூறில நாங்களாப் போகேல்லை, யது. துவக்கோட வந்து இயக்கம்தான் முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் போகச் சொன்னது." கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனாள்.

எட்டு வயதில் புத்தளம் அகதி முகாமுக்குப் போனவள். அது எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் எழுதினனான்.

16.06

தேத்தண்ணி போட்டு வைத்தேன். குடித்தாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

17.06

"விளையாட்டுத்தானே, விடு," என்றான் கிருசாந்தன். பிறகு விளையாட்டு எழுதிய கொப்பியை வாங்கிப் பார்த்துச் சிரித்தான். "எங்களை 'மண்ணின் குலம்' எண்டு போட்டிருக்கிறாய். எங்கட அப்பாவே பருத்தித்துறையில இருந்து அக்கராயனுக்குக் காடு வெட்டி வயல் செய்ய வந்தவர். வந்த ஆக்களுக்கு வயல் இல்லையெண்டால் எங்களுக்கும் கிடையாது."

அவன் பகிடிக்குச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. முல்லைத்தீவில் நான் பார்த்தது கடையை மட்டும். கடைக்காரரின் தம்பி வயலில் நின்றதைப் பார்க்கவேயில்லை.

விடமாட்டேன். திருத்தியே தீருவேன்.

21.06

குல விதிகளைக் கிழித்துப் போட்டேன். இனி யாரும் எந்தத் தொழிலும் செய்யலாம். அதோடு ஒரு புதுக் கதை: மரக்கல ஊரைப் பேய்ப்படை துரத்திவிட்டது, வீரர்கள் போய் ஊரை மீட்க வேண்டும். றிஸ்பாவுக்கு நான் செய்யும் நியாயம் என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

"பேயே கலைச்சது?" என்றாள்.

"கதைக்குத்தானே..."

"பேயெண்டால் எனக்கு ஒரு கோவமும் இருந்திராது. ஆக்கள் கலைச்சவை. ஆக்கள் வாசலில நிண்டு பார்த்தவை."

எனக்கு ஏன் பேய் தேவைப்பட்டது? பேயென்றால் ஒருவருக்கும் பங்கில்லை. எங்கட வீட்டுக்கும் இல்லை. அப்ப நாங்களும் முல்லைத்தீவிலதானே இருந்தனாங்கள், அப்பாக்கு அங்க அரசாங்கக் கந்தோரில வேலை. எதிர்வீட்டு இஸ்ஸதீன் மாமா ஆக்கள் மூட்டையோட வெளிக்கிடேக்க அம்மா என்னை உள்ளுக்கு இழுத்துக் கதவைச் சாத்தினவா. அவாக்குப் பயம் — இவ்வளவு வருசமா இது எனக்கு ஞாபகம் வரேல்லையா, நான் வரவிடேல்லையா?

22.06

கொப்பியையும் கட்டையையும் றிஸ்பாவின் மேசையில் வைத்தேன்.

"கதையை நீ நடத்து. நான் விளையாடுறன்."

"எனக்குத் தெரியாது."

"சொல்லித் தாறன்."

"கரைச்சலான கேள்வியெல்லாம் கேப்பன்."

"கேள்," என்றேன்.

28.06

நாளைக்கு ஆட்டம். என்ன கேள்வி வைச்சிருக்கிறாளோ தெரியேல்லை. போகத்தான் போறன்.

29.06

கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் வெறும் வயல் வேலைதான். நானும் கிருசாந்தனும் ஆளுக்கொரு கமக்காரர். வாய்க்கால் தண்ணீருக்கு இரண்டு பேரும் பிடித்த சண்டையில் றிஸ்பாவே சிரித்துவிட்டாள். பிறகு அரண்மனையிலிருந்து ஓலை வந்தது என்று றிஸ்பா என் பக்கம் திரும்பினாள்.

"மரக்கல ஆக்கள் எல்லாரும் இண்டைக்கே ஊரை விட்டு வெளிக்கிடோணும். உன்ர எதிர்வீடும். மூட்டையோட ரோட்டுக்கு இறங்கீட்டினம். நீ வாசலில நிக்கிறாய். என்ன செய்யப்போறாய்?"

நான் கட்டையை எடுத்தேன்.

"உருட்டாதை. சொல்லு."

மறித்து நின்றேன், ஒளித்து வைத்தேன் என்று சொல்ல எவ்வளவு ஆசை. என் பாத்திரத்திடம் வாள்கூட இருந்தது.

"கதவைச் சாத்தினனான்," என்றேன். அம்மாவையும் சொன்னேன், அந்தத் தெருவையும் சொன்னேன். அழுதுவிட்டேன்.

றிஸ்பா என் பதிலைக் கொப்பியில் எழுதினாள். எழுதி முடித்துப் பக்கத்தைப் புரட்டினாள்.

"சரி, விடிஞ்சிட்டுது. எதிர்வீட்டில ஒருத்தரும் இல்லை. மாடு கத்துது," என்றாள். "இப்ப என்ன செய்யப்போறாய்?"