சீமெந்து பூசிய மண்சுவர்

என்னை ஒருநாளும் கோபித்துக்கொள்ளத் தெரியாத என் அண்ணைக்கு,

வருகிற ஞாயிறு உங்கட முப்பத்தோராம் நாள் காரியம். சூரிச் பக்கத்து டீட்டிகோன் மண்டபத்துக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்க நினைவு மலர் அச்சடிக்கிறோம். "தம்பி, நீயும் அண்ணையைப் பற்றி நல்லதாய் நாலு வரி எழுது" என்றா அம்மா. நாலு வரியில் அடங்காது.

இங்கிலாந்தில், டெவன் பக்கத்துக் கிராமமொன்றில், அந்தப் பழைய வைக்கோல் கூரை வீட்டை நீங்கள் வாங்கியபோது அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "கிடுகு வீட்டிலயிருந்து கல்வீட்டுக்கு வர எவ்வளவு பாடுபட்டம். இவன் திரும்ப மண்ணுக்கை போறான்." நீங்களோ போனில் புதுமாப்பிள்ளை மாதிரிக் கதைத்தீர்கள். களிமண்ணும் வைக்கோலும் சேர்த்து மிதித்துக் கட்டிய இரண்டடித் தடிப்புச் சுவராம். நிலத்து ஈரம் ஏறாமல் அடியில் கல்லாம். மழைத்தண்ணி ஓடப் பீலி கிடையாது, கூரையே ஒரு முழம் வெளியே நீண்டு மழையைத் தள்ளிவிடுமாம். வெளியில் சுண்ணாம்பு மட்டும். சுவருக்குள் போன ஈரம் அதன் வழியே வெளியேறிவிடுமாம்.

நான் சூரிச்சில் பதினெட்டு வருடமாய்ப் பூச்சு வேலை செய்கிறவன். எனக்கா பாடம்?

புதுவீட்டுப் பால் காய்ச்சுக்கு ஒரு கிழமை முந்தி நானும் அம்மாவும் வந்தோம். நீங்கள் வேலை விஷயமாய் ஸ்கொட்லாந்து போயிருந்தீர்கள். வருகிற சொந்தக்காரர் மண்வீடு என்று சிரிக்கக்கூடாது என்றா அம்மா. சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, வெளிச்சுவர் முழுக்கச் சீமெந்து பூசினேன். அம்மாதான் தண்ணீர் அள்ளித் தந்தா.

நீங்கள் வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தீர்கள். "தம்பி, சுவர் இனி மூச்சுவிடாதடா."

"ஏன் அண்ணை, சுவருக்கு ஆஸ்துமாவோ?"

பால் காய்ச்சுக்கு வந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சுவரைத் தட்டிப் பார்த்து, "இப்பதான் மனிசர் இருக்கிற வீடு" என்றா. அந்த முகத்தைப் பார்த்து நீங்களும் பேசாமல் விட்டீர்கள். ஏன் அண்ணை விட்டீர்கள்?

மூன்றாவது மாரியில், சுவர் அடியில் புடைக்கிறது என்று போன் எடுத்தீர்கள். "இன்னொரு பூச்சுப் பூசுங்கோ" என்றேன். அடுத்த கிழமை, நீங்கள் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது அந்தச் சுவர் உங்கள் மேல் விழுந்தது.

நானும் அம்மாவும் வந்து சேர்ந்தபோது, சுவரைப் பார்க்க வந்த அதிகாரி ஒரு கட்டியை எடுத்து என் கையில் வைத்தார். அப்பமாவு மாதிரிக் குழைந்தது. சீமெந்து ஈரத்தை உள்ளே அடைத்துவிட்டதாம். முன்னூறு வருடம் நின்ற சுவராம். "பூசியது யார்?" என்று கேட்டார். ஆங்கிலம் விளங்காத அம்மா என் கையைப் பிடித்தா. "என்னவாம் தம்பி?"

"மண்சுவர் எண்டா இப்பிடித்தானாம் அம்மா."

அம்மாவுக்காகச் சொன்ன பொய் என்றால் அதுவும் பொய். எனக்காகத்தான் சொன்னேன்.

இப்போது அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறா: "சொல்வழி கேளாதவன். மண்ணிலை கிடந்து மண்ணாய்ப் போனான்." சனம் உங்களை விசரன் என்கிறது. நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டுகிறேன், அண்ணை. மிச்ச மூன்று சுவரையும் சீமெந்தை உரித்தால் காப்பாற்றலாமாம். அம்மா இடிக்கச் சொல்கிறா. நான் உரிக்கப் போகிறேன்.

சின்ன எழுத்து அம்மாவின் கண்ணுக்குத் தெரியாது. மலர் வந்ததும், எல்லோருக்கும் முன்னால் வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம்தான் தருவா. தண்ணீர் அள்ளித் தந்த கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பா. இந்த முறை ஒரு சொல்லும் மாற்றமாட்டேன்.

உங்கட ஒரே தம்பி