திட்டுவதற்கு ஒரு ஆள்

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அத்தானுக்கு முதுகுவலி தேவலையா? உன் பழைய லேப்டாப்பில் நானே மாற்றியமைத்து ஏற்றிக் கொடுத்த லினக்ஸ் இயங்குதளம் எப்படி ஓடுகிறது? உனக்காவது பிடித்திருந்தால் சரி. குப்பைக்குப் போகிற கணினியில்கூடப் பாட்டுப் பதிவு செய்ய முடியட்டும் என்று, வேண்டாத பாரத்தையெல்லாம் இறக்கி, இரண்டு வருஷமாக இதையே கட்டிக்கொண்டு அழுதேன். இணையத்தில் இலவசமாகப் போட்டும் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நல்லதென்றோ கெட்டதென்றோ ஒருவரும் எழுதவில்லை. இப்போது ஒரு வங்கியில் கணினி வேலை கிடைத்திருக்கிறது. சேருமுன் அந்த இணையதளத்தை இழுத்து மூடிவிடப் போகிறேன். உன் லேப்டாப்பைக் கைவிட மாட்டேன், கவலைப்படாதே.

அன்புத் தம்பி

பிப்ரவரி 6

என் செல்லத் தம்பிக்கு,

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா? "இதப் பழைய இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டான்" என்று உன் அத்தான் சிரித்த அதே லேப்டாப்பில்தான், என் பாட்டு வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து பாடியதைப் போன வாரம் பதிவு செய்தேன். முன்பெல்லாம் அதோடு இணைத்த இசைக் கீபோர்டில் விரலை வைத்தால் சத்தம் ஆடி அசைந்து வரும். இப்போது விரல் பட்டதும் வந்து நிற்கிறது. இதைப் போய் மூடுவேன் என்கிறாயே!

பள்ளிக்கூடத்து வயலின் வாத்தியார், எதிர்வீட்டு நர்ஸ், அவள் அண்ணன் பஸ் டிரைவர், மூன்று பேரிடமும் சொல்லியிருக்கிறேன். உனக்கு எழுதுவார்கள். ஒழுங்காகப் பதில் போடு.

அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் எழுதினார்கள். வாத்தியார் சொன்ன மைக் கோளாறைச் சரிசெய்தேன். நர்ஸுக்குத் தாளம் தட்டும் சத்தம் கேட்கவில்லையாம், அதையும் பார்த்தேன். டிரைவர் எழுதியதில் கடைசி வரிதான் இடித்தது: "நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தம்பி." எந்த ஊர் டிரைவர் புகாரில் இப்படி எழுதுவார்?

அக்கா, இதிலிருந்து புகார் அனுப்பினால் கணினியின் பெயரும் தானாகவே கூட வரும். மூவரின் கணினிக்கும் ஒரே பெயர், தூங்குமூஞ்சி. உன் லேப்டாப்புக்கு நான் வைத்த பெயர்! முதலில் சிரித்தேன், பிறகு கண் கலங்கிவிட்டது.

மூன்றோடு நிறுத்தியிருக்கலாம். நேற்று வந்த நாலாவதில் கணினியின் பெயரைச் சாமர்த்தியமாக மாற்றிவிட்டாய். "என் பாட்டு பாதியில நின்னு போச்சு. இதச் செஞ்சவனுக்குக் காது இருக்கா, இல்ல வெறும் ஓட்டையா?" நான் நம்ப வேண்டும் என்று திட்டியிருக்கிறாய், புரிகிறது. ஆனாலும் சுருக்கென்று தைத்தது. போதும் அக்கா. திங்கட்கிழமை மூடுகிறேன்.

தம்பி

பிப்ரவரி 21

கண்ணா,

முதல் மூன்றும் நான்தான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். நாலாவது சத்தியமாக நான் இல்லை. கணினியின் பெயரை மாற்ற எனக்கு எங்கேடா தெரியும்? அதுவும், சின்ன வயதில் நான் பாடாமல் தூங்காத காது அது. அதைப் போய் ஓட்டை என்பேனா?

அப்படியானால் யார்? எங்கோ ஒரு வீட்டில், நமக்கு முகம் தெரியாத ஒருவர் உன்னுடையதை நம்பிப் பாட்டுக் கட்டியிருக்கிறார். பாதியில் நின்றதும் வயிறு எரிந்திருக்கிறது. உதவாததை யாரும் மெனக்கெட்டுத் திட்டமாட்டார்கள், தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். "என் தம்பிய ஒருத்தர் திட்டிட்டாருங்க!" என்று நான் குதித்த குதியில் அத்தான் பயந்தே போனார். "நான் திட்டினா மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற?" என்கிறார்.

வங்கிக்கும் போ, சாயங்காலம் இதையும் பார். மூடாதே, ராஜா.

அக்கா

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைச் சந்தேகப்பட்டதற்கு நேரில் வரும்போது ஒரு குட்டு வை. பாட்டு நின்றதற்குக் காரணம் நான்தான். பாரத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று, அவருடைய சவுண்டு கார்டுக்கு வேண்டிய மென்பொருளையும் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். திருப்பி வைத்து, மன்னிப்புக் கேட்டு எழுதினேன். வங்கியில் சேர்ந்துவிட்டேன். இணையதளம் திறந்துதான் இருக்கிறது.

இன்று அவரிடமிருந்து பதில். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. "இப்ப நிக்கல. ஆனா எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. கண்ணாடி போட்டவங்க பாட்டுப் போடக் கூடாதா?"

ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்க்க வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் எழுத்தைப் பெரிதாக்க உட்கார்ந்துவிட்டேன் அக்கா.

உன் தம்பி