மாத்திரை போடாத நாட்கள்

வெள்ளவத்தை
3.6.2024

அன்புள்ள லெட்சுமி,

போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கண்டியில் நெஞ்சுக்குக் கரண்டு வைத்துத் துடிப்பைச் சீராக்கிய டொக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "இப்ப சரியாயிருச்சு. ஆனா நிறையப் பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வரும். ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரைய விட்றாதீங்க." கடையில் சோறு பரிமாறும்போதும் எனக்கு அதே நினைப்பு. மாத்திரை போடுகிறாயா? உண்மையை எழுது.

உன்
தரணிதரன்

அக்கரப்பத்தனை
12.6.2024

அன்பு மச்சானுக்கு,

என்னையே நினைத்து, குழம்பு கேட்டவருக்கு ரசத்தை ஊற்றிவிடாதீர்கள்! நெஞ்சு ஒழுங்காக அடிக்கும்போது மாத்திரை எதற்கு? இங்கே ஓயாத மழை, தேயிலை மலையெல்லாம் அட்டை. மாத்திரை போட்ட நாளில் ஒரு அட்டை கடித்தால் போதும், இரத்தம் நிற்காமல் வழிந்து சப்பாத்தெல்லாம் நனைகிறது. கங்காணி பார்த்துவிட்டு, "இந்தக் கோலத்துல மலைக்கு வராத புள்ள" என்று அரைநாள் சம்பளத்துக்கு மட்டும் பேர் போட்டு லயத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதனால் கொழுந்து எடுக்கப் போகிற நாட்களில் மாத்திரை போடுவதில்லை.

கோபப்படாதீர்கள். நேற்று மேட்டில் ஏறும்போது நெஞ்சு பழையபடி தாறுமாறாக அடித்தது. மறுபடி கரண்டு வைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள்
நாகலெட்சுமி

வெள்ளவத்தை
17.6.2024

லெட்சுமி,

உன் கடிதத்தோடு இங்குள்ள டொக்டரிடம் ஓடினேன். படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. துடிப்பு தவறும்போது நெஞ்சுக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளுமாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் கைகால் விழுந்துவிடுமாம். மாத்திரையை விட்ட உடம்புக்கு உடனே கரண்டு வைப்பதும் ஆபத்தாம். மலைக்குப் போகாதே. ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லு. மழையில் அங்கே டவர் விழுந்து போன் கிடைக்கவில்லை. ஹட்டன் பஸ் கண்டக்டர் வினோஜனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை வந்துவிடுவேன்.

தரணிதரன்

ஆஸ்பத்திரி
19.6.2024

மச்சான்,

எழுத்துக் கோணலைப் பார்த்துப் பதறாதீர்கள், இடது கையால் எழுதுகிறேன். நேற்று முன்தினம் மலையில் கூடை சரிந்தது. பிடிக்கப் போனேன், வலது கை வரவில்லை. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வினோஜன் தேடிவந்து உங்கள் கடிதத்தைத் தந்த பிறகுதான், மாத்திரையை விட்டதை நர்ஸிடம் சொன்னேன். "ஐயோ, ஏன் அக்கா மொதல்லயே சொல்லல?" என்று அந்தப் பிள்ளை டொக்டரிடம் ஓடியது. வைக்க இருந்த கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஏசுவார்கள் என்று பயந்துதான் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை வாங்கிப் போக வினோஜன் காத்திருக்கிறார். சனிக்கிழமை வரை பொறுக்காமல் அவர் பஸ்ஸிலேயே ஏறிவிடுங்கள். ஆனால் பயந்த முகத்தோடு வந்து நிற்காதீர்கள். பயப்படுவதற்கு இங்கே நான் ஒருத்தி போதும்.

லெட்சுமி