செல்லாத பத்திரம்

ஓசூர்
3.8.2025

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் இருளாயி அவர்களுக்கு,

சிவபாண்டி எழுதுவது. நான் நலம். அங்கே எல்லாரும் சுகந்தானே?

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். எப்படி விளிப்பது என்று தெரியாமல் அரை மணி நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். உங்கள் கைபேசி எண்ணை அன்றைக்கே அழித்துவிட்டேன். திருப்பரங்குன்றத்தில் நீங்கள் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையை எங்கள் அக்கா வீட்டுக்காரர் நல்லகாமன் மச்சான் படம் எடுத்து அனுப்பியிருந்தார். முகவரி அதில் பார்த்ததுதான். 'நோட்டரி பப்ளிக்' என்று சிவப்பு எழுத்தில் பார்த்தபோது சந்தோஷமாகவே இருந்தது. நினைத்ததைச் சாதித்துவிட்டீர்கள்.

எழுதக் காரணம் இதுதான். எனக்குத் தேனிப் பக்கம் பெண் பார்த்திருக்கிறார்கள். பெயர் மலையம்மாள், அங்கன்வாடி டீச்சர். அவருக்கும் இது இரண்டாவது கல்யாணம். அவர் தன் கோர்ட் தீர்ப்பின் நகலைக் கொடுத்துவிட்டார். இப்போது நம்முடைய விலகல் பத்திரத்தைக் கேட்கிறார்கள். நகலில் நோட்டரி சீல் இருந்தால் நல்லதாம். அன்றைக்கு நமக்குப் போட்டுக் கொடுத்த நோட்டரி காலமாகிவிட்டார். மச்சான்தான் சொன்னார்: "ஏன் மாப்ள இம்புட்டு அலையுற? இப்ப அவளே நோட்டரி. அவளையே ஒரு சீல் போட்டுத் தரச் சொல்லு."

அசலும் நகலும் இத்துடன் இருக்கின்றன. ஐப்பசியில் தேதி பார்க்கிறார்கள், அதற்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சிவபாண்டி


திருப்பரங்குன்றம்
9.8.2025

திரு. சிவபாண்டி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பதிவுத் தபால் கிடைத்தது. விட்டுப்போன பெண்டாட்டியிடமே விலகல் பத்திரத்துக்கு சீல் கேட்ட ஆள் மதுரை ஜில்லாவிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் சீல் போட முடியாது. வீம்புக்குச் சொல்லவில்லை. இந்த சீலுக்காக எம்புட்டு நடந்தேன் தெரியுமா? ஆண் வக்கீலுக்குப் பத்து வருஷத் தொழில் வேண்டும், பெண்ணுக்கு ஏழு. அது முடிந்த பிறகு விண்ணப்பம். அதில் ஒரு மாஜிஸ்திரேட், ஒரு வங்கி மேலாளர், ஒரு வியாபாரி, ஊரில் பெயர் தெரிந்த இருவர் கையெழுத்துப் போட வேண்டும். வியாபாரிக்கு சிம்மக்கல் மொத்தக்கடை பேயாண்டி அண்ணனிடம் போனேன். "ஏம்மா, எந்தக் கேசுல என்னையச் சாட்சியாக்கப் பாக்குற?" என்று பதறிவிட்டார். நான் நல்லவள் என்பதற்குத்தான் சாட்சி என்று புரியவைக்க இரண்டு டீ ஆனது.

ஒருவர் என் முன்னால் வந்து கையெழுத்துப் போட்டார் என்று நோட்டரி சொல்லலாம். நகல் அசல் மாதிரியே இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் ஒரு கல்யாணத்தைச் செய்துவைக்கவோ ரத்து செய்யவோ எந்த நோட்டரிக்கும் அதிகாரம் இல்லை. நம்முடைய பத்திரத்தின் நகலுக்கு நான் சீல் போட்டால், அதை நம்பி ஒரு பெண் கழுத்தை நீட்டுவாள். அசலே செல்லாது.

சட்டப்படி நீங்கள் இன்றைக்கும் என் கணவர். ஐப்பசியில் தாலி கட்டினால் அது குற்றம். மலையம்மாளுக்கும் மனைவி என்ற உரிமை கிடைக்காது. முறையாக விலக வேண்டுமானால் குடும்ப நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். பொதுவாக ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். கேட்டால் கையெழுத்துப் போடுகிறேன்.

அசலையும் நகலையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பொ. இருளாயி
வழக்கறிஞர், நோட்டரி


ஓசூர்
15.8.2025

இருளாயிக்கு,

'அவர்களுக்கு' எல்லாம் இனிமேல் கிடையாது.

முத்திரைத்தாளை வாங்கிக்கொண்டு வந்தது மச்சான். சரி. அதில் ஒரு எழுத்து விடாமல் டைப் அடித்தது யார்? நீதானே! "இன்று முதல் ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியமும் இல்லை" என்று எனக்கு வாசித்துக் காட்டினாயே. அப்போதே நீ நாலு வருஷ வக்கீல். அது செல்லாது என்று அன்றைக்கு உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் நீ என்ன வக்கீல்? தெரியும் என்றால் நீ என்ன மனுஷி?

ஆறு வருஷம்டி. ஒண்டி ஆளாகப் பொங்கித் தின்றுகொண்டு, பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் உன் வீடு இருக்கும் கோச்சடைப் பக்கம்கூடப் போகாமல், சுற்றிக்கொண்டு போனேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துத்தானே?

ஒரு வார்த்தையில் பதில் எழுது.

சிவபாண்டி


கோச்சடை
21.8.2025

அன்புள்ள உங்களுக்கு,

தெரியும்.

ஒரு வார்த்தை கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். மிச்சத்தைப் படிப்பதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம்.

அன்றைக்கு வேலை கிடைத்து ஓசூருக்குப் போகும்போது என்னையும் வரச் சொன்னீர்கள். நாலு வருஷமாக ஒவ்வொரு கட்சிக்காரராகச் சேர்த்திருக்கிறேன், இதை விட்டுவிட்டு அங்கே புதிதாக யாரைப் பிடிப்பேன் என்றேன். "உனக்குக் கோர்ட்டுதான் புருஷன், நான் எதுக்கு?" என்று என் அப்பா அம்மா முன்னால் கேட்டீர்கள். மச்சான் உடனே ஊரைக் கூட்டி வழக்கப்படி உறவை அத்துவிட்டுவிடலாம் என்று கிளம்பினார். அப்படிச் செய்திருந்தால், ஊர் வழக்கத்தைச் சட்டமும் ஏற்கும், அது செல்லும் என்று பிறகு வாதாட இடம் இருந்திருக்கும். எனக்கு அந்த பயம். அதனால்தான் நானே முந்திக்கொண்டு, நோட்டரி போட்டால் போதும், ஊர் எதற்கு என்றேன். செல்லாத தாளை எழுதி உங்கள் கையில் கொடுத்து எல்லார் வாயையும் அடைத்தேன்.

கோபம் ஆறினால் வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். ஒரு மாதம் பார்த்தேன், ஆறு மாதம் பார்த்தேன். நானே வந்து சொல்லியிருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை. பிறகு சொல்லவே வெட்கமாகிவிட்டது. ஒரு ஆண்பிள்ளையின் ஆறு வருஷத்தைப் பெட்டியில் பூட்டி வைத்ததுபோல் வைத்திருந்தேன். பெரிய தப்பு. என்னை மன்னிக்க வேண்டும்.

நோட்டரி விண்ணப்பத்தோடு வைத்த உறுதிமொழியில் 'க/பெ' என்று ஓர் இடம் வந்தது. சிவபாண்டி என்று எழுதினேன். சத்தியம் செய்யும் தாளில் பொய் எழுதக் கூடாது என்பதற்காக என்று உங்களிடம் சொல்லலாம், ஆனால் அதற்காக மட்டும் இல்லை. ஆட்சேபணை இருப்பவர்கள் பதினான்கு நாளுக்குள் சொல்லலாம் என்று அறிவிப்புப் போட்டார்கள். நீங்கள் எழுதிவிடுவீர்களோ என்று பதினான்கு நாளும் பயந்து கிடந்தேன். பதினைந்தாம் நாள், எழுதவில்லையே என்று அழுதேன். பைத்தியக்காரிதான்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். செல்லாது என்று தெரிந்தே ஒரு வக்கீல் பத்திரம் எழுதிக் கொடுத்தது ஒழுங்கீனம். நீங்கள் புகார் கொடுத்தால் விசாரணை வரும், என் சான்றிதழ் போகலாம். வேறு சாட்சி தேட வேண்டாம், இந்தக் கடிதமே போதும். என் கைப்பட எழுதி, தேதி போட்டு, முழுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

பொ. இருளாயி


ஓசூர்
7.9.2025

இருளு,

உன் கடிதத்தை மச்சானிடம் காட்டினேன். அவர் குதித்தார். "விடாத மாப்ள, அவ நோட்டரி சீலைப் புடுங்கிருவோம்" என்றார். நானும் புகார் எழுத உட்கார்ந்தேன். 'க/பெ சிவபாண்டி' என்ற இடம் வரை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

போன ஞாயிறு தேனிக்குப் போய் மலையம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வையவில்லை. "எங்கோர்ட்டுத் தீர்ப்பு வந்த அன்னைக்கு நான் நிம்மதியாத் தூங்குனேங்க. நீங்க உங்க பத்திரம் செல்லாதுன்னு சொல்றப்ப, அவங்களை வைறீங்களே தவிர முகம் என்னமோ தெளிஞ்சுல்ல இருக்கு. உங்களைக் கட்டி நான் என்ன செய்ய?" என்றார். அவர் சொன்னது சரிதான். மன்னிப்புக் கேட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த இடம் தட்டிப்போனதால் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கோர்ட்டுதான் உனக்குப் புருஷன் என்று நாலு பேர் முன்னால் கேட்டேனே, அதற்கு இன்றைக்கு வரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அன்றைக்கு நீ வராதது எனக்கு அவமானமாக இருந்தது. அதற்காக நீ கட்டிவந்ததை எல்லாம் இடிக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

நீ செய்ததும் லேசுப்பட்ட காரியம் இல்லை. இன்னும் ஆறவில்லை. ஆனால் உன் கடிதத்தின் அசலை இத்துடன் அனுப்பிவிட்டேன். நகல் எடுக்கவில்லை. நீயே கிழித்துப் போட்டுவிடு.

சட்டம் படித்தவளிடம் ஒரு சந்தேகம். விலகி இருந்தவர்கள் மறுபடி சேர்ந்து இருப்பதற்கு ஏதாவது பத்திரம் உண்டா? எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

சிவபாண்டி


கோச்சடை
13.9.2025

மாமா,

உங்கள் சந்தேகத்துக்குப் பதில்: அப்படி ஒரு பத்திரம் கிடையாது. சட்டப்படி நாம் பிரியவே இல்லை. பிரியாதவர்கள் எதற்குச் சேர வேண்டும்?

கடிதத்தை நான் கிழிக்கவில்லை. நான் செய்த தப்பு என் கையெழுத்தோடு வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று ஆகக் கூடாது. என் சான்றிதழ் ஐந்து வருஷத்துக்கு, அதுவும் மதுரைக்கு மட்டும்தான். ஓசூரில் நான் சீல் போட்டால் செல்லாது. அதனால் இந்த முறையும் நான் வர மாட்டேன். வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று உங்களைக் கேட்கவும் எனக்கு வாய் இல்லை. யோசித்து முடிவு செய்யுங்கள். வந்தால் சண்டை வரும், எனக்குத் தெரியும். வரட்டும், வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொள்வோம். நல்லகாமன் அண்ணனை மட்டும் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

சனி, ஞாயிறு கோர்ட் கிடையாது. வீட்டில்தான் இருப்பேன்.

இருளு