மச்சானுக்கு நான் கொடுத்த இரண்டு பாட்டில்

12 பிப்ரவரி 1986
எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். தங்கை சாந்தாமேரியின் வீட்டுக்காரர் மரியதாஸ், கரடியூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அவர் இருமும்போதே ‘நுரையீரலில் புற்று’ என்றேன். சேலத்து டாக்டருக்கு எக்ஸ்ரே தேவைப்பட்டது. எனக்குக் காது போதும். ஐந்தாம் வகுப்பு வரை படித்த காது.

3 மார்ச்
சேலத்தில் ஆபரேஷன். இடது நுரையீரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். ரத்தம் ஏற்ற வேண்டுமாம். சொந்தக்காரர்கள் பதினோரு பேர் நின்றோம்; ரத்தம் என்றதும் பத்துப் பேருக்கு வேறு வேலை ஞாபகம் வந்தது. நான் இரண்டு பாட்டில் கொடுத்தேன். மூன்றாவதும் எடுங்கள் என்றேன். நர்ஸம்மா கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினாள்.

20 ஏப்ரல்
மச்சான் ஒண்டிக்கடை முக்கு வரை நடந்து வந்தார். “என் ரத்தம் நடக்குது பாருங்க” என்றேன்.
டீக்கடை மாரியப்பன் கேட்கிறான்: “அப்படின்னா இனி அவரும் பொய் சொல்லுவாருங்களா?”
படிக்காதவன்.

9 ஜனவரி 1987
புற்று திரும்ப வந்துவிட்டது. ஏன் என்று சாந்தா கேட்டாள். ஆஸ்பத்திரியின் சின்ன டாக்டருக்கு வாய் சும்மா இருக்காது. ஆபரேஷனில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புவதாகச் சிலர் எழுதுகிறார்களாம், உறுதி இல்லையாம், ஏற்றாவிட்டால் அன்றைக்கே உயிர் போயிருக்குமாம். மூன்றில் சாந்தா காதில் விழுந்தது முதலாவது மட்டும்.
“ஏனுங்கண்ணா, சாராய ரத்தத்தையா என் ஊட்டுக்காரருக்குக் குடுத்தீங்க?”
நான் சாராயம் தொடுவதில்லை. பிராந்தி.

2 பிப்ரவரி
மச்சான் ரத்தமாகத் துப்புகிறார். உதடு வெளுத்துப்போச்சு. ரத்தம் ஏற்றினால்தான் தாங்குவார் என்கிறார்கள். சாந்தா கையெழுத்துப் போட மாட்டாளாம். “ஒருக்கா ஏத்துனதே போதுமுங்க. நொம்ப நல்லா ஆச்சு.” மச்சான் அவளை மீறிப் பேசுகிறவர் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஏன் பார்க்கணும்? நான் என்ன பண்ண?

3 பிப்ரவரி
கையெழுத்துப் போட்டுவிட்டாள். பாட்டில் ஏறுகிறது. எத்தனை மாசத்துக்கோ, தெரியாது.
காலையில் வராந்தாவில் அவளை நிறுத்திச் சொன்னேன்: “கண்ணு, அன்னிக்கு ஏறுனது என் ரத்தமில்லெ. ரெண்டு பாட்டிலுமில்லெ, ஒண்ணுதான். ஊசியப் பாத்ததும் நான் படியிறங்கிட்டேன். நம்மள எஸ்டேட் ஜீப்புல கூட்டியாந்த பொன்னுவேல் என் பேரச் சொல்லிக் கைய நீட்டுனான். டீயத் தவிர எதையும் தொடாதவன்.”
உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அப்புறம் சொன்னாள்: “அந்த ஜீப்காரரையே கூப்புடுங்க. நீங்க வெளிய நில்லுங்க.”
நிற்கிறேன்.