நடுவில் இருக்கும் கோணல் தையல்

எளாவூர்,
16.11.2025

அன்புள்ள மாப்பிள்ளை அன்புசெல்வனுக்கு,

ஆடி மாதம் போனில் நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "மாமா, அவ மூஞ்ச மட்டுந்தான் காட்றா. கைய காட்ட மாட்றா. லீவு போட்டு வரேன்னா வாணாம்ன்றா. என் மேல இன்னா கோவம்?" என்றீர்கள். கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன், விடை தெரியாதபோது சொல்வது அதுதான். இன்றைக்குச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் நர்மதா காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் சுகம். மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிவிட்டது. சம்பா பச்சை கட்டி நிற்கிறது. செக்போஸ்ட் லாரிகளின் ஹாரன் மட்டும் குறையவில்லை. உங்களுக்கு அங்கே கத்தாரில் வெயில் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வேலை செய்த கம்பெனியில் பிரஸ் மெஷின் நர்மதாவின் வலது கையில் இரண்டு விரல்களைப் பாதியோடு எடுத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். மீதி விரல்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். பந்து ஜன்னலோரமே கிடந்தது. சாப்பாடு இடது கையில், அதுவும் நான் அந்தப் பக்கம் போன பிறகு. ஆறு மாதம் இப்படித்தான்.

ஆவணியில் ஒருநாள், எதிர்வீட்டு முத்தம்மா ஒரு மூட்டை பழந்துணியோடு வந்தாள். அவள் தெலுங்குக்காரி. பழைய புடவைகளை அடுக்கி, கையாலேயே நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை செய்வாள். அதற்கு அவர்கள் பேச்சில் பொந்த என்று பெயர். கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோத்துக் கொடு என்று நர்மதாவிடம் கேட்டாள். கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே ஊசியைப் பிடித்து நூலை நுழைக்க என் மகளுக்குக் கால்மணி நேரம் ஆனது. முத்தம்மா வெற்றிலை போட்டபடி சும்மா இருந்தாள். மறுநாளும் வந்தாள். நாலாம் நாள் நர்மதா தனக்கென்று ஒரு போர்வைக்குத் துணி அடுக்கினாள்.

நடுவில் வைக்க அவள் எடுத்தது கம்பெனி நீல யூனிஃபார்ம். முத்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அத்த கொளுத்திட்டு தல முழுவாம, போத்திக்க வேற போறியா?"

"துணி இன்னாக்கா பண்ணிச்சி" என்றாள் நர்மதா.

நானும் உதவப் போனேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நான்கு ஓரத்தையும் முதலில் தைத்துவிடலாம் என்றேன். "நைனா, இது இன்னா கழனியா, வரப்பு கட்றதுக்கு?" என்று முத்தம்மா சிரித்தாள். நடுவில் தொடங்கித்தான் வெளியே வர வேண்டுமாம். ஓரத்தை முதலில் அடைத்தால் துணி நடுவில் உப்பிக்கொள்ளும். தோசை மாவை நடுவில் ஊற்றி வெளிப்பக்கமாகத் தேய்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், புரியும்.

ஆகவே அவளுடைய முதல் தையல்கள் நீலத் துணியின் மேல், நட்டநடுவில் விழுந்தன. அவற்றை எப்படிச் சொல்வது? முதல் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் எழுதிய 'அ' போல. ஒன்று நீளம், ஒன்று குட்டை. வரிசை மேலே ஏறும், கீழே சரியும். ஓரத்தை நோக்கி வர வர ஒழுங்கு கூடியது. ஐப்பசியில் அவள் போட்ட வரிசைகள் அச்சடித்தது போல் இருந்தன.

இனி நான் செய்த தவறு. போன மாதம் அவள் கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். இவ்வளவு அழகான போர்வைக்கு நடுவில் இந்தக் கோணல் எதற்கு என்று நினைத்தேன். பிழையைக் கண்டால் அடித்துத் திருத்தியே பழகிய கை. பிளேடு எடுத்து நடுவில் பதினோரு வரிசையையும் பிரித்துவிட்டேன். வந்ததும் இனி நேராகத் தைத்துக்கொள்வாள், சந்தோஷப்படுவாள் என்றுதான்.

அவள் வந்து பார்த்தாள். தரையில் கிடந்த நூல் துணுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாப்பா பண்ணிட்ட. வராத கையால தச்சது அது. அவருக்கு அனுப்பத்தான் தச்சினு இருந்தேன். மொதல்ல அத்ததான் அவரு பாக்கணும்."

அந்தப் போர்வை உங்களுக்கு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும், மாப்பிள்ளை. செய்வதறியாமல், துணியைத் தட்டிச் சரிசெய்யக் கை நீட்டினேன். "தொடாதப்பா, ஒதறாத" என்றாள். ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ச் சாய்த்துப் பிடித்தாள். பழைய புடவையாக இருந்தால் ஊசி போன தடம் மூடிப்போயிருக்கும். அது தடித்த கம்பெனித் துணி. ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் அப்படியே வாய் திறந்து கிடந்தது.

அவள் உட்கார்ந்தாள். துளைக்குத் துளை, பழைய இடத்திலேயே ஊசியை இறக்கினாள். நேராகப் போகப் பழகிவிட்ட கையை இழுத்துப் பிடித்து, ஆவணியில் தவறிய இடத்தில் தவறச் செய்தாள். நான்கு நாள் ஆயிற்று. அத்தனை நாளும் அந்தக் கை என் கண் முன்னேதான் இருந்தது, அவள் மறைக்கவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கைகளைப் பார்த்தவன் நான். எழுதியதை அழித்துவிட்டு நன்றாக எழுதிய பிள்ளைகள் உண்டு. அழிந்துபோன தன் தடுமாற்றத்தைத் தேடி எடுத்துத் திரும்ப எழுதிய ஒருத்தியை நான் பார்த்ததில்லை. மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இவளை என் மகள் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி உண்டா என்றுகூடக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

நேற்று அவளே மடித்துப் பொட்டலம் கட்டினாள். உங்கள் கம்பெனி பாக்கியராஜ் புதன்கிழமை புறப்படுகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறோம். பொட்டலத்தோடு ஏதாவது எழுதி வைக்கிறாயா என்று கேட்டேன். "அதுலயே இருக்குதுப்பா" என்றாள். வரச் சொல்லட்டுமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

தை பிறந்ததும் அறுப்பு. வீட்டில் ஒரு ஆள் கூடுதலாக இருந்தால் எனக்கு நல்லது. இதற்கு மேல் ஒரு மாமனார் எழுதக்கூடாது. ஆண்டவன் உங்கள் இருவரையும் ஒன்றாக வைத்துக் காக்கட்டும்.

பொட்டலம் வந்ததும் போர்வையைத் தரையில் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, நடுவிலிருந்து ஓரம்வரை ஒவ்வொரு தையலாக விரலால் தடவிப் பாருங்கள்.

உங்கள் நலம் நாடும் மாமா,
துளசிராமன்