விரதப் பாலும் நான் கொடுத்த மாத்திரையும்

என் உயிர்த் தம்பி குமரா,

நீ போய் மூன்று தைப்பூசம் ஆகிவிட்டது. வருடா வருடம் பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, கீழே ‘பிரிவால் வாடும் குடும்பத்தார்’ என்று நாலு வரி எழுதிக் கொடுப்பேன். இந்த வருடம் கை வரவில்லை. வாடுகிறோம் என்று எழுதிவிட்டு, உண்மையை மட்டும் விழுங்கிக்கொண்டு எத்தனை வருடம்தான் இருப்பது? ஊரே படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா அதே டத்தோ கிராமாட் வீட்டில்தான் இருக்கிறார். எந்த இருதய ஆபரேஷனுக்காக நீ காவடி நேர்ந்துகொண்டாயோ, அந்த இருதயம் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருக்கிறது. உன் மாலதி பாயான் பாருவில் வாடகைக்கு வீடு பிடித்துக்கொண்டு, பழைய பேக்டரிக்கே வேலைக்குப் போகிறாள். மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியாது, நீ போன பிறகு நடந்த கூத்து அது.

காவடி அன்று காலையில் மாலதிக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் உன் இடுப்பில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டாள். உன் காரியம் முடிந்த அன்று, மனசு தாங்காமல் அவளே அம்மாவிடம் சொல்லி அழுதாள். “தீட்டோட தொட்டியேடி பாவி! என் புள்ளய நீதான் கொன்னுட்ட” என்று அம்மா கத்தினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயாடி என்று ஊர் முழுக்கப் பேர் வாங்கிய நான், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

காவடிக்கு இரண்டு நாள் முன்பு மாலதி எனக்குப் போன் போட்டிருந்தாள். “அக்கா, இவருக்கு வயித்தால போகுது. ரத்தமா இருக்குக்கா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “விரதச் சூடு லா அது. ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்க வச்சிருவாங்க, காவடி போச்சு. நான் மாத்திரை கொண்டு வரேன்.”

வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை. “அக்கா லேப்ல வேல செய்யுது, அதுக்குத் தெரியாததா?” என்று நீயும் வாயில் போட்டுக்கொண்டாய். என்ன பெரிய லேப்! கெலுகோரில் மண்ணையும் சாக்கடைத் தண்ணீரையும் சோதிக்கிற வேலை. வயிறு நின்றது. தண்ணீர்மலைக் கோயிலுக்கு நீ காவடியோடு ஏறினதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன், குமரா. பெருமைப்பட்டேன்!

காவடி முடிந்த ஐந்தாம் நாள் உனக்குச் சிறுநீர் நின்றது, முகம் வீங்கியது. மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தும் பதினோராம் நாள் நீ இல்லை.

அதற்குப் பிறகுதான் படித்தேன். புரியாததை எங்கள் கட்டடத்தில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளிடம் கேட்டேன். உன் குடலில் இருந்த பாக்டீரியா ஒரு நச்சைக் கக்கியது. அந்த நச்சின் அடியில் ஒரே மாதிரி ஐந்து துண்டுகள் வட்டமாக நிற்கின்றன. அவை தேடிப் பிடிப்பது சீனியை. தேத்தண்ணியில் போடுகிற சீனி இல்லை. நம் உடம்பின் உயிரணுக்கள் தம் மேல்புறத்தில் குட்டிக் குட்டிச் சர்க்கரைச் சரங்களை வைத்திருக்கின்றன. அதில் ஒரு வகை, மூன்றே மணி கோத்த சரம், அடியில் கொழுப்பில் ஊன்றி நிற்கும். இந்த நச்சுக்கு அதுதான் வேண்டும்.

ஒரு பிடி என்றால் நழுவிவிடும். ஐந்து துண்டுகளும் சேர்ந்து பல சரங்களைப் பிடித்துக்கொண்டால் விடாது. உயிரணு ஏமாந்து அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் நச்சின் மறுபாதி உயிரணு தனக்குப் புரதம் தயாரிக்கிற வேலையை நிறுத்துகிறது, உயிரணு செத்துப்போகிறது. சிறுநீரகத்தின் மெல்லிய ரத்தக் குழாய்களில் அந்தச் சரம் ஏராளமாம். பசுவின் ரத்தக் குழாய்களில் அது கிடையாதாம். அதனால் அதே பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு மாடு பாட்டுக்குப் புல் மேய்கிறது.

வேலுக்கு அபிஷேகம் செய்த பாலை, சாமிப் பாலைக் காய்ச்சக்கூடாது என்று விரதம் முழுக்க நீ பச்சையாகவே குடித்தாய். கிருமி அதில்தான் வந்ததா? யாருக்கும் தெரியாது. மாத்திரைதான் காரணம் என்றும் டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. “ஆனா ரத்தம் போறப்ப அத குடுக்கவே கூடாதும்மா. குடல நிறுத்துனா விஷமும் உள்ளயே தங்கிடும்” என்றார். உன் உடம்பு வெளியே தள்ளப் பார்த்ததை நான் கதவைச் சாத்தி உள்ளே வைத்தேன்.

இதெல்லாம் தெரிந்தும் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாலதியும் சொல்லவில்லை. “அக்காதான் ஆஸ்பத்திரி வேணாம்னாங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். போன மாதம் போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “உங்கள மாட்டி விட்டா அவரு வந்துருவாராக்கா? அத்தைக்கு மிச்சம் நீங்க ஒருத்தர்தான் லா” என்றாள். எழுதப்போகிறேன் என்றேன். “உங்க இஷ்டம், எல்லாத்தயும் எழுதுங்க” என்றாள்.

இதுவரை எழுதியதை நேற்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “சீனியா? அவனுக்கு இனிப்புநீர் வியாதி இல்லையே?” என்றார். என் ஐந்து விரலாலும் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக் காட்டி, மறுபடியும் சொன்னேன்.

“அப்ப, தீட்டு?”

“தீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அவ ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொன்னா. தடுத்தது நான்.”

அம்மா கையை உருவிக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து, கார் சாவியை என் கையில் வைத்து, “காடிய எடு” என்றார்.

“எங்கம்மா?”

“பாயான் பாருக்கு. உன்கிட்ட நான் இப்ப பேச மாட்டேன்.”

மாலதி கதவைத் திறந்தாள். அம்மா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் தடவினார். “பழிய உன்மேல போட்டுட்டேனேடி. நீ சுமந்துகிட்டு இருந்தியேடி” என்று அழுதார். மாலதி அவரைத் தாங்கி உள்ளே கூட்டிப்போனாள். கதவு திறந்தேதான் கிடந்தது. என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

தம்பி, உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். வயிற்றால் போகிறது, ரத்தம் இருக்கிறது என்று எவர் சொன்னாலும், அது எந்த நேர்த்திக்கடனாக இருந்தாலும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். ஏன் என்று கேட்டால், என் தம்பியை நான் போகவிடவில்லை என்று என் வாயாலேயே சொல்வேன்.

உன் கூடப் பிறந்தவள்,
சுமதி அக்கா